ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டை இழக்க ஆறு எளிய வழிகள்

நண்பருக்குக் கைமாற்றுக் கொடுத்து ஏமாறுவது பழைய முறை. அதற்குக் கையில் பணம் வேண்டும். அவருடைய வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்கப் பேனா போதும்.

1. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மாப்ளே" என்றால் அப்படியே நம்புங்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவே என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. மாப்ளேக்களுக்கு அதில் விலக்கு இல்லை.

2. பத்திரத்தைப் படிக்காதீர்கள். பென்சில் டிக் உள்ள இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுங்கள். உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்திய கொடுக்கல் வாங்கலுக்கு உங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது பிரிவு 133. அந்தப் பாதுகாப்பே வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதாக ஒரு வாசகம் பெரும்பாலும் அதே கட்டில் பொடி எழுத்தில் இருக்கும். படித்தால்தானே வம்பு!

3. வீட்டுப் பத்திரத்தையும் அடமானம் வையுங்கள். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் வரும். அதன் பிறகு வீட்டைக் கைப்பற்ற வங்கி வழக்குப் போட வேண்டியதில்லை.

4. நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வையுங்கள். ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பாவம், அவர்களுக்கு ஏன் சிரமம்? வங்கி வீட்டின்மேல் கை வைத்தபின், கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள் உண்டு. சென்னை, கோவை, மதுரை மூன்றிலும் தீர்ப்பாயம் இருக்கிறது. அந்த நாட்களை நண்பரின் ஸ்விட்ச் ஆஃப் ஆன போனுக்கு அடித்தே கழியுங்கள்.

5. "முதல்ல அவனைப் பிடிங்க சார், அப்புறம் என்கிட்ட வாங்க" என்று கிளையில் வாதாடுங்கள். பீகார் வங்கி வழக்கில் இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 1968-லேயே தள்ளிவிட்டது. இருந்தாலும் மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

6. கடைசியாக, முழுக் கடனையும் நீங்களே அடைத்துவிடுங்கள். உடனே பிரிவு 140 உங்களை வங்கியின் இடத்தில் உட்கார வைக்கும். இனி நண்பரின் சொத்தைத் தேடிப் பிடித்து வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படி ஒரு சொத்து அவரிடம் இருந்திருந்தால், வங்கி உங்கள் கையெழுத்தை ஏன் கேட்டிருக்கப் போகிறது?