சகஸ்ரநாம வியாபாரி

திருப்பூரில் நொய்யலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும், ஒரு மாடியறை, ஒரு கம்ப்யூட்டர், லேபிள் அடிக்கும் சிறு இயந்திரம் ஒன்று, சுவரோரமாக அடுக்கிய பாலிதீன் கவர்க் கட்டுகள் ஆகிய இவற்றையே மூலதனமாகக் கொண்டு, இணையச் சந்தையில் பனியனும் நைட்டியும் விற்று ஜீவனம் நடத்தும் ஒரு வர்க்கத்தார் சில வருஷங்களாகப் பெருகி வருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நாணயஸ்தர்கள். இராப்பகல் பாராமல் உழைப்பவர்கள். ஆகையால் அவர்களைப் பற்றி ஹாஸ்யமாக எழுத ஒன்றும் இல்லை. அந்த வர்க்கத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. கையில் இருக்கும் ஒரே சரக்குக்கு ஏழெட்டுத் திருநாமங்களைச் சூட்டி, ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு தனிப் பக்கம் எழுப்பி, அந்தப் பக்கத்தில் புதுப் படத்தையும் புது விலையையும் பிரதிஷ்டை செய்துவிட்டு, பக்தர்களின் வருகையை எதிர்பார்த்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்தப் பிரகிருதிக்குச் சகஸ்ரநாம வியாபாரி என்பதைத் தவிர வேறு பெயர் பொருந்தாது.

அவரைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளலாம். சட்டைப் பையில் ஒரு போன், கையில் ஒரு போன், மேஜைமேல் சார்ஜில் ஒரு போன். முதலாவது அவருடையது, இரண்டாவது சம்சாரத்தின் பெயரில் நடக்கும் கணக்கினுடையது, மூன்றாவது மச்சினன் பெயரில் உள்ளது. எந்தப் போனில் ஓ.டி.பி. வந்தாலும் மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு வருவார். "ஒரு கடைக்கு ஒரு வாசல் வெச்சா ஒருத்தன் வருவானுங்க. ஏழு வாசல் வெச்சா ஏழு பேரு வருவானுங்களா, இல்லீங்களா?" என்பது அவருடைய சித்தாந்தம். ஏழு வாசல்களுக்கும் உள்ளே இருப்பது ஒரே அறைதான் என்பதையும், அந்த அறையில் இருக்கும் சரக்கு எவ்வளவு என்பதையும் அந்தச் சித்தாந்தம் விசாரிப்பதில்லை.

அவரிடம் உள்ள நீல நிறக் காலர் டி-ஷர்ட் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இடது மார்பில் ஒரு பை; கழுத்தடியில் மூன்று பட்டன்; காதர்பேட்டை மொத்தக் கடையில் வாங்கிய சாதாரணச் சரக்கு. முதல் பக்கத்தில் அது 'ஆண்களுக்கான காட்டன் போலோ டி-ஷர்ட்'. இரண்டாவதில் 'ஆபீஸ் வேர்'. மூன்றாவதில் அதே ஆடை வேலையை ராஜினாமா செய்துவிட்டு 'ஜிம், ஜாகிங், யோகா' என்று தேகாப்பியாசத்துக்குப் போய்விடுகிறது. நான்காவதில் தந்தையர் தினப் பரிசு. அப்புறம் உபயோகங்கள் தீர்ந்துபோய் வர்ணங்கள் ஆரம்பமாகின்றன: 'மிட்நைட் ப்ளூ', 'இங்க் ப்ளூ', கடைசியாக 'பீகாக் ப்ளூ'. இந்தக் கடைசிப் பெயர் அசல் பொய். மயிலைப் பார்க்காத மனிதரே இல்லாத கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு பெயர் வைக்க ஒரு தனி நெஞ்சுத் துணிவு வேண்டும். ஒரு நாள் என்னிடம், "நீங்க தமிழ் படிச்சவருங்க, நீலத்துக்கு இன்னும் நாலு பேரு இருக்குமுங்களா?" என்று விசாரித்தார். படித்த படிப்புக்கு முதன்முறையாக ஒரு லௌகிகப் பிரயோஜனம் ஏற்பட்டதே என்ற பூரிப்பில், காயாம்பூ வண்ணம், கருங்குவளை நிறம் என்று நான் எடுத்துவிட, அவர் சற்று நேரம் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது, அதைத் தேடறவன் எவனுங்க இருக்கான்?" என்றார்.

பெயர் மாறினால் போதாது; ஒரே படம் இரண்டு பக்கங்களில் இருந்தால் சந்தைக்காரர்களின் யந்திரம் மோப்பம் பிடித்து, 'இது டூப்ளிகேட் கேட்டலாக்' என்று முடக்கிவிடும். எனவே படத்துக்கும் அலங்காரம் நடைபெறுகிறது. ஒன்றின் பின்னணியில் செங்கல் சுவர், மற்றொன்றில் தென்னந்தோப்பு, இன்னொன்றில் படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. இந்தத் திருப்பும் யுக்தியைக் கண்டுபிடித்த நாளில் அவர் அடைந்த ஆனந்தத்துக்கு எல்லையில்லை. ஆனால் திருப்பியதில் மார்பின் இடப்புறம் இருந்த பை வலப்புறம் போய்விட்டது. ஆண்கள் சட்டையில் இடப்பட்டி வலப்பட்டியின்மேல் படிவதுதானே முறை, அதுவும் மாறிப் பெண்கள் ஆடையின் லட்சணத்தை எய்திவிட்டது. வாங்கியவர்களுள் நுணுக்கமான கண்ணுடைய ஒருவர், படத்தில் வலது பக்கம் இருக்கும் பை வந்த சரக்கில் இடது பக்கம் இருக்கிறது என்று காரணம் எழுதி ரிட்டன் போட்டார். "பை எந்தப் பக்கம் இருந்தா என்னங்க, அதுல பேனா நிக்குதா இல்லையா?" என்று நம்மவர் பொருமினார். போக்குவரத்துக் கூலி அவர் தலையில்தான் விழுந்தது.

இந்த வம்புகளுக்கெல்லாம் மூலகாரணத்தைத் தேடிப்போனால், அது புத்தகத்தில் போய் நிற்கிறது. அமேசான் 1995-இல் கடை திறந்தது புத்தகம் விற்பதற்காக. 2007-இல் பெங்களூரில் தோன்றிய ஃபிளிப்கார்ட்டும் புத்தகத்தில்தான் பிள்ளையார் சுழி போட்டது. புத்தகம் அச்சாகும்போதே ஐ.எஸ்.பி.என். என்னும் எண்ணோடு பிறக்கிறது. எத்தனை பேர் விற்றாலும் எண் ஒன்று, ஆகவே பக்கமும் ஒன்று. அமேசான் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் பத்து எழுத்து அடையாளம் கூட, பத்திலக்க எண் கொண்ட பழைய புத்தகங்களைப் பொறுத்தவரை, அந்த ஐ.எஸ்.பி.என். எண்ணேதான். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், அதன்கீழ் பல வியாபாரிகள் என்ற அந்த அழகிய ஏற்பாட்டுக்குள் நம்முடைய பனியன் வந்து சேர்ந்தபோதுதான் குழப்பம் பிறந்தது. கம்பெனிச் சரக்காக இருந்தால் 890 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கப் பார்கோடு இருக்கும். அதன் கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டையும் கூட்டிப் பெருக்கிச் சரிபார்ப்பதற்கென்றே அமைந்தது. காதர்பேட்டைப் பனியனுக்கோ குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை, ஜன்ம நட்சத்திரமும் இல்லை. பார்கோடு இல்லாத சரக்கு என்று விலக்கு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் புதுப் பக்கம் திறக்கலாம், திறக்கிறார்கள்.

இதற்கு முறையான மார்க்கம் இல்லாமல் இல்லை. தாய்ப் பக்கம் ஒன்று. அதன்கீழ் எஸ், எம், எல், எக்ஸ்.எல். என்னும் அளவுகளும் நிறங்களும் பிள்ளைகளாக. இதை 'வேரியேஷன்' என்பார்கள். அப்படிச் செய்தால் வாங்கியவர்கள் எழுதும் நல்ல வார்த்தைகள் அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்து பக்கத்துக்கு மதிப்பை உண்டாக்கும். நம்மவர் இதற்கு நேர்மாறாக, ஒரே பிள்ளையை ஏழு அநாதைகளாக்கி ஏழு தெருவில் விட்டுவிடுகிறார். கிடைக்கும் சொற்ப ரிவ்யூக்களும் ஏழாகப் பிரிந்து, எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் இரண்டொரு பேர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போன கல்யாண வீட்டின் களையோடு விளங்குகிறது.

பண்டிகைத் தள்ளுபடி நாளில் வந்தது பரீட்சை. அலமாரியில் இருந்தவை 12 உருப்படிகள். ஏழு பக்கங்களிலும் ஸ்டாக் 12 என்றே போட்டிருந்தபடியால், சந்தையின் பார்வையில் அவரிடம் 84 டி-ஷர்ட்டுகள். காலை பத்து மணிக்குள் ஆர்டர்கள் முப்பதைத் தாண்டின. வியாபாரி ரத்து செய்தால் ரேட்டிங் இறங்கும், அபராதம் விழும். ஆகவே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு காதர்பேட்டைக்கு ஓடினார். அங்கே அந்த லாட் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்தது கறுப்பு. "டியூப்லைட்டு வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு பேக் செய்து அனுப்பினார். வாங்கியவர்கள் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்கள்.

விலை விஷயத்திலும் அவர் ஒரு தனிப் பாதை வகுத்தார். போட்டியாளர் விலையைக் கவனித்து, அதைவிட ஒரு ரூபாய் குறைத்து வைக்கும் மென்பொருள் ஒன்றைத் தம் கணக்கில் பூட்டினார். நல்ல காரியம் ஆயிற்றே என்று சம்சாரத்தின் கணக்கிலும் பூட்டினார். இரவெல்லாம் கணவன் விலையை மனைவி குறைக்க, மனைவி விலையைக் கணவன் குறைக்க, விடியும்போது பனியன் அடக்க விலைக்குக் கீழே இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட யந்திரக் கூத்துக்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2011 ஏப்ரலில், பழ ஈயின் உடல் உருவாகும் விதத்தைச் சொல்லும் பீட்டர் லாரன்ஸின் 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை' என்னும் புத்தகத்தை அமேசானில் விற்ற இருவரில், ஒருவருடைய நிரல் மற்றவரைவிட இம்மியளவு குறைவாகவும், மற்றவருடையது முன்னவரைவிடக் கால் பங்குக்கும் சற்று மேலாகவும் விலை வைத்துக்கொண்டே போனதில், அந்தப் புத்தகம் 2 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. அங்கே ஏறிற்று; இங்கே இறங்கிற்று. நம்முடைய அதிர்ஷ்டம் அப்படி!

ஒரு நாள் சந்தைத் தளம் ஒன்று, ஏழு பக்கங்களையும் அடையாளம் கண்டு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. எது நிலைக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. நிலைத்தது 'பீகாக் ப்ளூ'. அதன்கீழ், பை இடம் மாறியது பற்றியும், நீலம் கேட்டுக் கறுப்பு வந்தது பற்றியும், ஏழு தெருக்களிலும் சிதறிக் கிடந்த புகார்கள் யாவும் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்துக்கொண்டன.

இவ்வளவுக்கும் கலங்காதவர், சென்ற வாரம் மாடிப்படியில் என்னைக் கண்டதும் கொதித்துப் போய் நின்றார். எவனோ ஒருவன் தம் பக்கத்தின் படத்தையும் வர்ணனையையும் எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போட்டு, இரண்டு ரூபாய் குறைவாக விற்கிறானாம். சந்தைக்காரர்களுக்குப் புகார் எழுதினாராம். அவர்களோ, இதே படம் உங்களுக்கும் முன்பே வேறொருவர் பக்கத்தில் இருக்கிறது, எனவே உங்கள் பக்கமே டூப்ளிகேட் என்று பதில் அனுப்பி, அதையும் முடக்கிவிட்டார்களாம்.

"அந்தப் படம் நீங்க எடுத்ததுதானுங்களே?" என்றேன்.

"இல்லீங்க. கடைக்காரரு வாட்ஸ்அப் குரூப்புல எல்லாத்துக்கும் போட்டு வுட்டதுங்க."

"வர்ணனை?"

"அது சூரத்துக்காரன் ஒருத்தன் பக்கத்துல இருந்து எடுத்ததுங்க."

"பின்னே, அவன்மேல் எப்படி வழக்காட முடியும்?"

சகஸ்ரநாம வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தமிழ் படித்தவனுக்கு லோக நியாயம் புரியாது என்ற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? நான் மொதல்ல காப்பி அடிச்சவனுங்க. அவன் என்னைப் பார்த்துத்தானுங்க அடிச்சான்!"