கல்விக்கு வரி, பள்ளிக்கு உண்டியல்

அம்பத்தூரில் சொந்த வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறார். அதற்குள் கல்வி வரி இருக்கிறது. கூடவே நூலக வரி. வருமான வரி கட்டுபவர் என்றால் அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ். கல்வியின் பெயரைச் சொல்லி மாநகராட்சி ஒரு கை நீட்டுகிறது. டெல்லி இன்னொரு கை நீட்டுகிறது. இரண்டுக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை நன்கொடைப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார். கழிப்பறைக்குக் கதவு வேண்டுமாம்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் கையில் இருக்கும் காசைக் கேட்டால் நீங்களே உட்காரச் சொல்லி டீ கொடுப்பீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு விதிப்படி ஆண்டுக்கு 10,000 ரூபாய். நூறு பிள்ளைகள் வரை 25,000. நாளொன்றுக்கு 68 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, பூட்டு, குழாய் எல்லாம் அதற்குள். இதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்று விதி வேறு. நூறு பிள்ளைகளின் சுகாதாரத்துக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 80 காசு. விதி எழுதியவர் பினாயில் வாங்கியதே இல்லை போலும்.

அந்தக் காசாவது நேரத்துக்கு வருகிறதா? நிதியாண்டு முடியும் தறுவாயில்தான் வருகிறது என்பது தலைமை ஆசிரியர்களின் நெடுநாள் புலம்பல். வந்ததும் ஓட்டம். மார்ச் 31க்குள் செலவழி. பில் வை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடு. கணக்கை இணையத்தில் ஏற்று. ஜூனில் உடைந்த குழாய்க்குப் பிப்ரவரியில் பணம். இடைப்பட்ட எட்டு மாதம் ஒழுகியது தண்ணீர் மட்டுமா? தலைமை ஆசிரியையின் சொந்தச் சம்பளமும்தான்.

நாட்டில் பணம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். பெரும்பகுதி சம்பளம். அதில் தவறில்லை, ஆசிரியர் இல்லாத பள்ளி வெறும் கட்டடம். டெல்லியிலும் பணத்துக்குக் குறைவில்லை. இடைநிலை, உயர்கல்விக்கு என்று சொல்லிப் பத்தாண்டுகளாக வசூலித்த செஸ் 83,497 கோடி ரூபாய். அதைப் போட்டுவைக்க வேண்டிய நிதியம் உருவாக்கப்படவே இல்லை என்று 2017இல் தலைமைத் தணிக்கையாளர் எழுதினார். வாங்கத் தெரிந்தவர்களுக்கு வைக்க இடம் கிடைக்கவில்லை. செஸ் என்பதால் மாநிலங்களுக்கு அதில் பங்கும் கிடையாது. தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று 1968 கொள்கை சொன்னது. 2020 கொள்கையும் அதையே சொல்கிறது. பாடத்திட்டம் எத்தனை முறை மாறினாலும் இந்தப் பாடம் மட்டும் மாறவில்லை.

உள்ளூர்க் கதை இன்னும் ருசி. 2011இல் அம்பத்தூரைச் சென்னை மாநகராட்சியோடு இணைத்தார்கள். வரி உடனே இணைந்தது. பள்ளிகள் இணையவில்லை. விரிவாக்கப் பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை கல்வி வரி வாங்கியது ஒருவர், பள்ளி நடத்தியது வேறொருவர். கூரை ஒழுகினால் இவர் அவரைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். மழை மட்டும் யாரையும் காட்டாமல் வகுப்புக்குள் வந்தது. 2022இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை எகிறியது. ஏற்றிய வேகத்தில் ஒரு பெஞ்சாவது வந்து இறங்கியதா என்று பூந்தமல்லியில் கேட்டுப் பாருங்கள், ஆவடியில் கேட்டுப் பாருங்கள்.

இந்த நிலையில்தான் இரண்டு தலைநகரங்களுக்கும் சண்டை. 2020 கொள்கையை ஏற்கும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, அப்போதுதான் பணம் என்றது டெல்லி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றது. கையெழுத்திட ஆவலாக இருக்கிறோம் என்று 2024 மார்ச்சில் கடிதம் எழுதிய கோட்டை, பிறகு கொள்கை நினைவுக்கு வந்து பேனாவை மூடியது. கொள்கைச் சண்டை வேண்டியதுதான். ஆனால் பிணையாகப் பிடித்துவைக்கப்பட்டது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் காசு. 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் நம்மவர்களை நாகரிகமற்றவர்கள் என்றார். கூச்சல் எழுந்தது. சொல்லைத் திரும்பப் பெற்றார். சொல் திரும்பியது. பணம் திரும்பவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 அக்டோபர் வாக்கில் ஏதோ வந்தது. சுமார் 450 கோடி. எதற்கு? கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவீத இடத்தில் பிள்ளைகளைச் சேர்த்த தனியார் பள்ளிகளுக்குக் கொடுக்க. அந்தப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரசுப் பள்ளிக்கான பெட்டியைப் பூட்டிவைத்துச் சண்டை போட்டவர்கள், முதலில் திறந்துவிட்டது தனியார் பள்ளிக்கான கதவை.

டெல்லியைத் திட்டி முடித்த கையோடு கோட்டைப் பக்கமும் திரும்புவோம். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி கற்பிக்க 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் வேலைக்கு வந்தார்கள். சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் என்று ஆட்சிக்கு வந்த கட்சியின் 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி. 2024இல் 12,500 ரூபாய்க்கு வந்து நின்றது. நிரந்தரம் வரவில்லை. மே மாதச் சம்பளமும் கொடுக்கவில்லை. பள்ளி விடுமுறையல்லவா? ஆசிரியரின் வயிற்றுக்கும் கோடை விடுமுறை விட்டார்கள்.

சிக்கனத்தில் கோட்டை கெட்டி. முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட 65 லட்சம் புத்தகப் பைகளைக் குப்பையில் போடாமல் பிள்ளைகளிடமே கொடுத்ததில் 13 கோடி மிச்சம் என்று 2021இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். நல்ல காரியம், கைதட்டலாம். ஆனால் வாங்கிய பையைப் பயன்படுத்துவதே பேரவையில் சொல்லும் சாதனை என்றால், இத்தனை காலம் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பிள்ளையின் முதுகில் முதல்வர் முகம் ஏன் என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

ஊர் மக்களிடம் கை நீட்டுவது இங்கே புதிதல்ல. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் படைப்போம் என்று தீர்மானம் போட்டது இதே ஆவடியில். முதல்வர் காமராஜர். மூன்று ஆண்டு கழித்து, ஆவடி வழியே போகும் ரயில் பாதையில் இருக்கும் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. ஊர் மக்கள் பெஞ்சும் மணியும் கொடுத்தார்கள். அரசு ஏழை என்று தெரிந்து கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று மறுபடியும் கை நீட்டினார்கள். இந்த முறை நீட்டியது பள்ளிக் கல்விக்கு மட்டும் 36,000 கோடிக்கு மேல் பட்ஜெட் போட்ட அரசு. அப்போது கொடுத்தது ஈகை. இப்போது கொடுப்பது இரண்டாம் வரி, ரசீது மட்டும் அழகாக இருக்கும்.

இதற்கெல்லாம் மருந்து புதிய திட்டமல்ல. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இலேயே எழுதிக் கொடுத்தது: அரசுச் சம்பளம் வாங்குபவர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதிபதிகள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் அது காகிதத்தோடு நின்றது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஒரே ஒரு ஆண்டு நடத்திப் பார்க்கட்டும். மானியம் ஏப்ரல் முதல் தேதி வந்து நிற்கும். கழிப்பறைக்குக் கதவோடு கண்ணாடியும் வரும். ஒப்பந்தமும் இல்லாமல் கையெழுத்தும் இல்லாமல் டெல்லிப் பணம் பாயும். ஆசிரியருக்கு மே மாதமும் பசிக்கும் என்ற அறிவியல் உண்மையை நிதித்துறை அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கும்.