இருட்டறை விஞ்ஞானி

“மேஜர் ஃபிசிக்ஸ், அலைடு மேத்ஸ்” என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வான் நம்மவன். முன்பாதியில் குரல் ஏறும், பின்பாதியில் இறங்கும். அங்கே ஓர் அரியர் இருக்கிறது.

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வயதை ஊரார் போல எண்ணமாட்டான். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே ராமனின் முதல் கட்டுரை 1906-இல் லண்டன் இதழில் வந்துவிட்டது. அதே கல்லூரியில் படித்த சந்திரசேகரின் கட்டுரை 1929-இல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. இருவருக்கும் அப்போது பதினெட்டை ஒட்டிய வயது. தனக்குப் பதினெட்டு முடிந்த இரவு நம்மவன் மெஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. மறுநாள் தெளிந்துவிட்டான். வெண் குறுமீனின் நிறைக்கு உச்சவரம்பு உண்டென்று சந்திரசேகர் கணக்குப் போட்டது பத்தொன்பதில், இங்கிலாந்து போகும் கப்பலில். “இன்னும் ஒரு வருஷம் இருக்குடா.”

கப்பல்? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நியூட்டன் வளையங்களுக்காக இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டால், அது சூடேறி மஞ்சளாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் சீனியரின் ரெகார்டு நோட்டு கைக்கு வந்துவிடும். அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று தெரிந்தபிறகு வளையத்தை எண்ணுவானேன்? விடையிலிருந்து பின்னோக்கி நடந்தே ரீடிங்குக்குப் போய்ச் சேர்வான்.

ஒரே ஒருநாள் நேர்மையாக இருந்து தொலைத்தான். காம்பவுண்ட் பெண்டுலத்தை ஆட்டி, ஸ்டாப்வாட்ச் பிடித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் 9.78 வந்தது. புத்தகத்தில் 9.8! பதறிப்போய் ரப்பரால் அழித்தான். பூமி இடுப்பில் பெருத்தது, சுற்றவும் செய்கிறது. அதனால் நடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. சென்னைக்கு உரிய மதிப்பே 9.78-தான். இரண்டு ஆண்டில் இயற்கை அவனிடம் வாய்திறந்து பேசியது அந்த ஒருமுறைதான்.

கோடையில் அறிவியல் அகாடமிகளின் ஃபெலோஷிப் கிடைத்தது. லேசரும் புகையுமாக இருக்கும் என்று போனவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு பைத்தான் புரோகிராமும் கொடுத்தார்கள். ஏழு வாரம் எரர். எட்டாவது வாரம் ஒரு நேர்கோடு. அதுதான் இப்போது அவனுடைய வாட்ஸ்அப் டிபி.

ஊருக்குப் போனதும் அத்தை பிடித்துக்கொண்டாள். “மருமகனே, நீ ஃபிசிக்ஸ்தானே படிக்கிற? ஓடிக்கிட்டிருந்த மிக்ஸி திடீர்னு நின்னுடுச்சு, கொஞ்சம் பாரேன்.” இடக்கையின் மூன்று விரல்களை விரித்து, காந்தப்புலம் இந்தப் பக்கம், மின்னோட்டம் அந்தப் பக்கம் என்று தொடங்கினான். விசைக்கு உரிய கட்டைவிரலுக்கு வருவதற்குள், ஆறாம் வகுப்புப் படிக்கும் அத்தை மகள் மிக்ஸியைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். சட்னி அரைபட்டது.