மிச்சக் கால்களின் சார்பில் ஒரு நன்றி மடல்

மாட்சிமை தங்கிய நியூயார்க் மாநகராட்சி சமூகத்துக்கு,

ஹார்லெம் ஆற்றின் குறுக்கே, மன்ஹாட்டனையும் பிராங்க்ஸையும் இணைத்து நிற்கும் ஹை பிரிட்ஜ் சார்பில் இந்த நன்றி மடல். பாலம் 1848இல் பிறந்தது. நகரில் இன்று நிற்கும் பாலங்களில் அதுதான் மூத்தது. எழுதக் கையில்லை. கால்களின் கதை பின்னால் வருகிறது.

நகருக்குத் தண்ணீர் சுமக்கவே பாலம் பிறந்தது. குரோட்டன் அணையிலிருந்து 41 மைல் வாய்க்காலில், பம்பு ஏதுமின்றி, மைலுக்கு ஓரடிக்குச் சற்று கூடுதலான சரிவில் தண்ணீர் தானே ஓடிவந்தது. ஆற்றைத் தாண்டத் தாழ்வான பாலமே போதும், செலவும் மிச்சம் என்றார் தலைமைப் பொறியாளர் ஜான் ஜெர்விஸ். மாநிலச் சட்டமன்றம் இசையவில்லை. கப்பல் போக வேண்டாமா? சுரங்கம் வெட்டு, இல்லையேல் நூறடி தூக்கு, வளைவுக்கு 80 அடியாவது அகலம் விடு என்று 1839இல் சட்டமே போட்டது.

தூக்கினார்கள். தூக்கியும், சிக்கனம் பார்த்து வாய்க்கால் மட்டத்தைவிடப் பாலத்தைச் சில அடி தாழ்த்தி, மூன்றடிக் குழாய் இரண்டைப் பதித்தார்கள். ஊர் பெருத்தது, குழாய் பெருக்குமா? 1860களில் ஏழரை அடிக் குழாய் ஒன்றைத் திணிக்க வேண்டிவந்தது. மிச்சம் பிடித்த காசு எங்கே என்று பாலம் கேட்கவில்லை. அந்தப் பெருங்குழாயின் தலைமேல்தானே 1864இல் நடைபாதை வந்தது, ஊரே உலாவ வந்தது!

பிறகு கப்பல்காரர்களுக்கு மறுபடி மூக்கில் வேர்த்தது. கப்பலுக்காகவே உயர்ந்த பாலம், 1920களில் கப்பலுக்கே இடைஞ்சலாம். உயரத்தில் குறையில்லை, கால்கள்தான் நெருக்கமாம். 80 அடி என்று அளந்து கொடுத்தது யார் என்பதை அப்போது எவரும் கிளறவில்லை. அடியோடு இடிக்கும் யோசனையைப் பொறியாளர்கள் கூச்சலிட்டுத் தடுத்தார்கள். ஆற்றில் நின்ற ஐந்து கல்வளைவுகள் மட்டும் போய், ஒரே எஃகு வளைவு வந்தது. தாத்தாவுக்கு இரும்புக்கால்.

தண்ணீரும் நின்றது. 1970 வாக்கில் நடைபாதைக்குப் பூட்டும் விழுந்தது. நீரும் வேண்டாம், ஆளும் வேண்டாம், சும்மா நில் என்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஓய்வளித்த கருணையை எந்தப் பாலம் மறக்கும்? பிராங்க்ஸ்வாசிகள் மன்ஹாட்டன் கரையைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். 2015 ஜூனில், ஆறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பூட்டைத் திறந்தார்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். மிச்சக் கல்வளைவுகளுக்கு அடியில் இப்போது ரயிலும் நெடுஞ்சாலையும் ஓடுகின்றன. அளவு நாடாவுடன் யாராவது அந்தப் பக்கம் வந்தால், பாலத்துக்கு ஒரு வாரம் முன்னதாகத் தகவல் தரவும்.

இப்படிக்கு,
மிச்சக் கால்களுக்காக