கிழக்குக் கடலில் ஓர் அஸ்தமனம்

கடலோரத்தில் குடியிருந்து படம் வரைகிறேன் என்று சொன்னதும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி கனிந்துவிடும். மனசுக்குள் ஏதோ ஒரு காட்சி ஓடுகிறது என்று அர்த்தம். அதில் நான் வெள்ளை ஜிப்பா போட்டிருக்கிறேன். ஜிப்பா காற்றில் படபடக்கிறது. ஒரு கையில் தூரிகை, மறு கையில் டீ, எங்கிருந்தோ புல்லாங்குழல். “கொடுத்து வச்சவர் சார் நீங்க” என்று பெருமூச்சு விடுவார். கொடுத்து வைத்தது உண்மைதான். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தக் காட்சியில் வராத முக்கியமான பாத்திரம் உப்பு. நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு தெருவில். இரும்பு என்று பிறந்த எதற்கும் இந்தத் தெருவில் ஆயுள் கெட்டி கிடையாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி என்று பாரபட்சமே இல்லாமல் துரு ஏறும். காகிதத்தைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கிளிப் போடுகிறோம் இல்லையா, அதை ராத்திரி கழற்ற மறந்தால் போச்சு. காலையில் படத்தின் மூலையில் செம்மண் நிறத்தில் அழகாக ஒரு கிளிப் வரைந்திருக்கும். கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்த பின்கள் பின்பக்கமாகத் துருவைக் கசியவிட்டு, தாங்களும் ஓவியத்தில் பங்கெடுக்கப் பார்க்கும். பெயின்ட் டியூபின் மூடியைத் திறக்க எங்கள் வீட்டில் குறடு ஒன்று தனியாக இருக்கிறது. அதுவும் துருப்பிடித்து வாய் திறப்பதில்லை. அதைத் திறக்கத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நீர்வண்ணம் போடுவது ஒரு தவம். காற்றே நனைந்திருக்கிற நாளில் காகிதம் எப்படிக் காயும்? காலையில் பூசிய வானம் மத்தியானம் வரை ஈரமாகவே இருக்கும். அதற்குக் கீழே கடலைப் பூசினால் இரண்டும் கலந்து கொள்ளும். சரி, எண்ணெய் வண்ணத்துக்குப் போகலாம் என்றால், அது நம் துணி காய்வதைப் போலத் தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து மெதுவாக இறுகும் சமாச்சாரம். இறுகி முடிப்பதற்குள் கொசு, ஈசல், பக்கத்து மனையில் வீடு கட்டுகிற சிமென்ட் தூசி எல்லாம் வந்து நிரந்தரமாகக் குடியேறிவிடும். நான் வரைந்த ஒரு பௌர்ணமியில் அசல் ஈசல் இறக்கை ஒன்று இருக்கிறது. வாங்கிப் போனவர் அதைத் தொட்டுப் பார்த்து, “டெக்ஸ்சர் பிரமாதம்” என்றார்.

மணலைப் பற்றிப் புலம்ப எனக்கு அவ்வளவாக உரிமை இல்லை. வான்கோவே பட்டிருக்கிறார். 1882-இல் ஹாலந்தின் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் புயல் காற்றோடு மல்லுக்கட்டி ஒரு படம் வரைந்தார். ஈரப் பெயின்டில் மணல் அப்பிக்கொண்டது. சுரண்டி எடுத்தார், எடுத்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. 2002-இல் அந்தப் படத்தை ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடிப் போனார்கள். 2016-இல் நேப்பிள்ஸ் பக்கம் கண்டுபிடித்து மீட்டார்கள். ஒரு நாட்டுக் கடற்கரை மணலை இன்னொரு நாட்டுக்குக் கடத்திய வழக்கு என்றும் அதைச் சொல்லலாம்.

மோனேவின் பாடு இன்னும் மோசம். 1885 நவம்பரில் பிரான்ஸின் எத்ரெதா கடற்கரைப் பாறையடியில், அலை உள்ளே வாங்குகிற நேரம் என்று நம்பி ஸ்டாண்டைப் போட்டு உட்கார்ந்தார். அது ஏறுகிற நேரம். ஒரே அலை ஆளைப் பாறையில் அறைந்து, ஸ்டாண்ட், கேன்வாஸ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. எழுந்தபோது தாடி முழுக்க நீலமும் மஞ்சளும். இந்த விஷயத்தில் வங்காள விரிகுடா நாகரிகம் தெரிந்தது. எங்கள் கரையில் ஓதம் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் அதிகம். இங்கே எதிரி அலை இல்லை, காற்று. வெயில் ஏறி நிலம் சூடானதும், உச்சிப் பொழுது வாக்கில் கடல்காற்று கிளம்பும். அந்நேரம் கேன்வாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் பாய்மரக் கப்பலுக்கு மாலுமி. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, காற்று கிளம்புவதற்குள் மூட்டை முடிச்சைக் கட்டிவிட வேண்டும்.

இதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து 1966-இல் தொடங்கியது. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, குடிசை போட்டு, கடலுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். வீட்டைக் கட்டவும் ஓவியத்தைக் காப்பாற்றவும் வேறு ஒரு வேலை செய்துதான் ஆக வேண்டும் என்று அன்றே தெளிவாக இருந்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்த சங்கதி வேறு. கடல் காலடியில் கிடக்க, பணிக்கருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது என்னவோ ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைதான். அதில் ஜாதகக் கட்டமும், எழுத்து மாதிரி இருந்தும் வாசிக்க முடியாத கிறுக்கல்களும் இருக்கும். அதே கிராமத்து ராமானுஜம் கனவு மாளிகைகளை வரைந்தார். நந்தகோபால் உலோகத்தை வளைத்தார். வந்தவர் போனவரெல்லாம் “கடல் படம் இல்லையா சார்?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் திடசித்தம் எனக்கு இல்லை. எனக்கு வாடகை இருக்கிறது. கேட்டால் கடல் வரைவேன்.

அடையாறில் புது ஃப்ளாட் வாங்கிய ஓர் அம்மாள் கேட்டார்.

“ஹாலுக்கு ஒரு பெரிய படம் வேணும் சார். சோஃபா மெரூன் கலர். அதனால சன்செட் போட்டுடுங்க. கடல்ல சூரியன் இறங்கணும்.”

“மேடம், நம்ம கடல் கிழக்கே இருக்கு. இங்கே சூரியன் கடல்லேர்ந்து ஏறும். இறங்கறது பல்லாவரம் பக்கம்.”

“நீங்க ஆர்ட்டிஸ்ட்தானே?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒரு முயற்சி செய்தேன். சாயங்காலம் நம் கரையில் நின்று கடலைப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கியதும், எதிரே தொடுவானத்தில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை கடலிலிருந்து எழும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. நீலப் பட்டை ஏற ஏற ரோஜா வெளுத்துக்கொண்டே போகும். சிறிது நேரம்தான், கடலே ஊதாவுக்கு மாறும். மேற்குக் கரைக்காரர்கள் அந்நேரம் சூரியனைப் படம் பிடிக்கும் அவசரத்தில் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நமக்கென்றே அமைந்த அஸ்தமனம் இது, மெரூன் சோஃபாவுக்கும் பொருந்தும் என்றேன்.

“அதெல்லாம் சரி. சூரியன் எங்க?”

“உங்க முதுகுக்குப் பின்னால மேடம்.”

“முதுகுக்குப் பின்னால இருக்கறதுக்கா சார் நான் காசு கொடுக்கறேன்?”

நியாயம்தான். முன்பணத்தை அனுப்பியும் விட்டார். அதில் பாதி பெரிய கேன்வாஸுக்கும் மீதி மின்சாரக் கட்டணத்துக்கும் போய்விட்டதால், கொள்கைப் பேச்சு அத்தோடு நின்றது. உதயத்தை வரைந்து அஸ்தமனம் என்று பெயர் வைத்துவிடுவது என முடிவு செய்தேன். ஹாலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ன தெரியப் போகிறது?

ஹாலில் தெரியாது. குப்பத்தில் தெரியும். எங்கள் தெருக்கோடியில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. முன்பு கட்டுமரத்தில் போனவர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது அதற்கு மாறியவர். என் ஓவியங்களுக்கு முதல் விமர்சகர் அவர்தான். பத்திரிகை விமர்சகர்கள் மாதிரி ‘வெளி’, ‘இருப்பு’ என்றெல்லாம் சுற்றி வளைக்க மாட்டார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்துவார். “வாடைக் காத்துன்ற, அலை இந்தாண்ட சாயுது. கொடி அந்தாண்ட பறக்குது. ஏதோ ஒண்ணை மாத்து.” வேலை முடிந்தது.

ஒருநாள் அவரிடம் டர்னர் படம் ஒன்றைப் புத்தகத்தில் காட்டினேன். பனிப்புயலில் துறைமுக வாசலில் திணறும் நீராவிக் கப்பல். 1842-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்த படம். புயலைப் பார்ப்பதற்காகத் தன்னைப் பாய்மரத்தில் நான்கு மணி நேரம் கட்டிவைக்கச் சொன்னதாக டர்னர் அடித்துச் சொன்னார். அறுபத்தாறு வயதில் இது நடக்கிற காரியமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம். அன்றைய விமர்சகர்கள் சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று கேலி செய்தார்கள். இவர்களெல்லாம் கடலுக்குள் ஒரு தடவை இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று கிழவர் பொருமியதை விமர்சகர் ரஸ்கின் எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“பொயல்ல மாட்டிக்கினானா?”

“ஆமாண்ணே.”

“கண்ல உப்புத் தண்ணி அடிச்சா இப்டித்தான் தெரியும். சரியாத்தான் போட்டுக்கீறான்.” பிறகு கேட்டார்: “போட்டு கரை சேந்துச்சா?”

டர்னரைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வரைந்தவர் கரை சேர்ந்தார், படகைப் பற்றித் தெரியவில்லை என்றேன். அண்ணன் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை.

என் தொழிலில் சம்பளம் கைமேல் கிடைத்த வேலை ஒன்றும் அவர் மூலம்தான் வந்தது. படகுக்குப் பெயர் எழுத வேண்டும். ஃபைபர் உடம்பு வழுவழுவென்று இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் எனாமல் பிடிக்காது. அணியம் வளைந்து ஏறுகிற இடத்தில் ‘துணை’ என்று எழுத வேண்டியிருந்தது. கிட்டே நின்று பார்த்தால் நேராக இருக்கிற ‘ணை’ பத்தடி தள்ளிப் போனால் மல்லாந்து படுக்கும். அதனால் கொம்பை வேண்டுமென்றே கோணலாக இழுத்து, ஓடிப்போய்ப் பார்த்து, திரும்பி வந்து திருத்த வேண்டும். சுற்றிலும் குப்பத்துப் பிள்ளைகள் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த தூரக்காட்சி இலக்கணமெல்லாம் அந்த ஓர் எழுத்தில் செலவாகிவிட்டது. கூலியாக ஒரு கட்டைப்பை நிறையச் சங்கரா மீன். வீட்டில் மனைவி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நவீன ஓவியத்துக்கும் யாராவது இப்படிக் கொடுத்தா தேவலைங்க” என்றாள்.

அடையாறு அம்மாளிடமிருந்து மறுபடி போன். வாஸ்து பார்க்கிறவர் வந்து போயிருக்கிறார்.

“படத்துல படகு இருக்கா சார்?”

“இருக்கு மேடம். கடலுக்குப் போற மாதிரி.”

“ஐயையோ, போகக் கூடாதாம். வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கணுமாம். போனா பணமும் கூடவே போயிடுமாம்.”

படகைத் திருப்பினேன். பெயின்டில் படகைத் திருப்புவது நிஜப் படகைத் திருப்புவதைவிடச் சிரமம். சுரண்டி, காயவிட்டு, அணியத்தைப் பார்ப்பவர் பக்கம் கொண்டுவந்து, உள்ளே நாலு ஆட்களையும் மீனையும் ஏற்றினேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது. சூரியன் சூப்பராம். படகு சூப்பராம். “மீன் மட்டும் வேணாம் சார். நாங்க சைவம்.”

அண்ணனிடம் சொன்னேன். அவர் பீடியையே கையில் எடுத்துவிட்டார்.

“மீனு இல்லாம வெறும் போட்டா கரைக்கு வர்றதை எவனாச்சும் வூட்ல மாட்டுவானா? அதைவிட தரித்திரம் இன்னா கீது?”

வாஸ்துக்காரரும் மீன்காரரும் ஒத்துப்போகும்படி ஒரே ஒரு வழிதான் எனக்குத் தோன்றியது. மீன் இருந்த இடத்தில் வலையை மலை போலக் குவித்து மூடிவிட்டேன். மிதவைகளுக்கு மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. அம்மாளுக்குத் திருப்தி. வண்டி வருவதற்கு முன்னால் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். காலை வெயில் என்று கண்டுபிடித்துவிட்டார். அதை வெளியே சொல்லவில்லை. படகு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று விரலால் அளந்தார்.

“வலைக்கு அடியில நாப்பது கிலோ வஞ்சிரமாச்சும் இருக்கும். இன்னா குடுக்கறாங்க உனக்கு?”

தொகையைச் சொன்னேன்.

“அடப்பாவி! ஏலத்துல மீனே அதுக்கு மேல போவுமே!”