பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவது எப்படி? கரெஸ்பாண்டெண்ட்டுகளுக்கு ஒரு கையேடு

ஆந்திராவின் தமிழ்நாட்டு எல்லையோர நகரி வட்டாரத்தில் தனியார் பள்ளி நடத்தும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். புத்தூர், திருத்தணிப் பக்கத்துக்காரர்களும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜூன் மாதம், அட்மிஷன் நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் புது ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று. வேனுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, தறிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, உங்கள் ரூம் வாசலில் வந்து நிற்கிறாள். ஒரு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறாள்.

அனுபவமில்லாத நிர்வாகி இங்கே பதறிப்போய் போலீசைக் கூப்பிட்டுவிடுவார். நீங்கள் கதவைச் சாத்துங்கள். நாற்காலி போடச் சொல்லுங்கள். “அம்மா, நம்ம ஸ்கூல் ஒரு குடும்பம் மாதிரி” என்று ஆரம்பியுங்கள். குடும்ப விஷயத்தை யாராவது தெருவில் போட்டுப் பேசுவார்களா? பெண் பிள்ளையாச்சே, நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் கேள்வி வந்தபிறகு தலை குனிய வேண்டியது யார் என்பது மாறிவிடும். சார் தப்பித்தார், பிள்ளை மாட்டிக்கொண்டாள்.

சட்டம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால்தான் சங்கடம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ என்று ஒரு சட்டம், 2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்திலேயே அமலுக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. முதலில் கமிட்டி போடு, நிரூபித்துவிட்டுச் சொல், மேனேஜ்மென்ட் மீட்டிங்கில் வைத்துவிட்டுச் சொல் என்றெல்லாம் அதில் ஒரு வரிகூட இல்லை. சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவரைப் பற்றிச் சொல்லாமல் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை, அபராதமும் உண்டு. அதாவது உங்கள் வாட்ச்மேனுக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. பதவிக்கு ஏற்ற மரியாதை.

கோயம்புத்தூர் சின்மயா வித்யாலயாவில் 2021 நவம்பரில் என்ன ஆயிற்று என்று நினைவிருக்கும். நம் ஊர் டி.வி.களில் ஓடுவதும் சென்னைச் சேனல்கள்தானே. பதினேழு வயது மாணவி ஒருத்தி இறந்துபோனாள். அதற்கு முன்பே அவள் வேறு பள்ளிக்கு மாறியிருந்தாள். ஆசிரியர் கைதானதோடு முடியவில்லை. தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரையும் போக்சோவில் கைது செய்தார்கள். பிள்ளைக்கு டி.சி. கொடுத்தால் விஷயமும் கூடவே போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

அடுத்து, விசாரணை. இதை நீங்களே நடத்துவது நல்லது. ஹெச்.எம்., பி.இ.டி. சார், உங்கள் மைத்துனர், மூவரும் போதும். பெண் யாரும் வேண்டாம்; அழுதுவிடுவார்கள். பிள்ளையை நடுவில் நிறுத்தி, சம்பந்தப்பட்ட சாரையும் எதிரிலேயே உட்கார வையுங்கள். “அவர் முகத்தைப் பார்த்துச் சொல்” என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் வாயே திறக்காது. திறந்தால் இரண்டாம் முறை கேளுங்கள், மூன்றாம் முறை கேளுங்கள். செவ்வாய்க்கிழமை என்றவள் புதன்கிழமை என்று ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும், நீங்கள் ஜெயித்தீர்கள். பன்னிரண்டு வயதில் கிழமை மாறுவது இயல்பு என்பது உங்கள் பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் டீச்சருக்குத் தெரியும். அவரை அந்த ரூமுக்குள் விடாதீர்கள்.

சட்டமோ தலைகீழாக நிற்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவளுக்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டுமாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் போலீஸ் வர வேண்டும், அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த நேரத்திலும் அவள் கண்ணில் படக் கூடாது. ராத்திரியில் அவளை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

இதில் நகரிக்கென்றே எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், ஸ்டேஷனில் எழுதுவது தெலுங்கு, உங்கள் பள்ளியில் அபராதம் போட்டுப் பேசவைப்பது இங்கிலீஷ். நடந்ததை ஒரு பிள்ளை எந்த மொழியில் சொல்வாள்? அம்மாவிடம் சொன்ன மொழியில்தான். அதைத் தெலுங்கில் எழுதிக் கையெழுத்து வாங்கும்போது “தொட்டார்” என்பது “அதட்டினார்” என்று ஆகிவிட நிறைய வாய்ப்பிருக்கிறது. நானாக இருந்தால் அதைத்தான் நம்பியிருப்பேன். ஆனால் எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், அவள் சொன்னதை அவளுக்குப் புரிகிற எளிய நடையில் எழுத வேண்டும் என்று அதே 19-ஆம் பிரிவு சொல்லித் தொலைக்கிறது. இந்த வரி எல்லையோரத்து அம்மாக்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இப்போது ராஜிக்கு வருவோம். இது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. பிள்ளையின் அப்பா எந்தத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று விசாரியுங்கள். அந்த முதலாளி உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டவராகத்தான் இருப்பார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம், அம்மாவும் வேண்டாம். இந்த வருஷ ஃபீஸ் தள்ளுபடி, தம்பிக்கு அடுத்த வருஷம் ஃப்ரீ சீட். பழைய தேதியில் ஒரு முத்திரைத்தாள் கிடைத்தால் நல்லது: தவறாகப் புரிந்துகொண்டோம், எங்களுக்குப் புகார் ஏதும் இல்லை.

ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் இதை அச்சு அசலாகச் செய்தார். அப்பா எழுதிக் கொடுத்தார்; உயர் நீதிமன்றமும் 2022-இல் வழக்கை ரத்து செய்தது. எல்லாம் சுபமாக முடிந்த நேரத்தில், வழக்கில் சம்பந்தமே இல்லாத ராம்ஜி லால் பைர்வா என்பவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2024 நவம்பர் 7 அன்று தீர்ப்பு: பள்ளிக்குள் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் செய்த இந்த மாதிரிக் குற்றம் இரு தரப்பு பேசித் தீர்க்கும் தனிப்பட்ட விவகாரம் இல்லை; வழக்கு நடக்கட்டும். மன்னிப்பது அப்பாவின் கையிலேயே இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் திண்ணையில் நாம் பேரம் பேசியது யாருடைய பொருளை என்று குசும்புக்காரர்கள் கேட்பார்கள்.

டாக்டரைக் கையில் போட்டுக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளைப் பார்த்த டாக்டர் ஒருவர், தெரிந்தும் சொல்லவில்லை என்ற வழக்கில், 2022-இல் உச்ச நீதிமன்றத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வேண்டாம்.

சாரை என்ன செய்வது? சஸ்பெண்ட் செய்தால் காகிதத்தில் பதிவாகிவிடும். “சொந்தக் காரணங்களுக்காக” என்று ராஜினாமா எழுதி வாங்குங்கள். நல்ல எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் ஒன்று கொடுங்கள்: ஒழுக்கமானவர், மாணவர்களிடம் பிரியமானவர். இங்கே நகரிக்கு இயற்கையே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. 1960-இல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போயிற்று, நாம் ஆந்திராவில் நின்றுவிட்டோம். ஆகவே பஸ் ஏறினால் வேறு மாநிலம், வேறு கல்வித் துறை, வேறு போலீஸ். உங்கள் மண்டலக் கல்வி அதிகாரிக்கும் அந்த ஊர் அதிகாரிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அங்கேயிருந்து உங்களுக்கு இப்படி ஒருவர் ஏற்கெனவே வந்திருக்கலாம் என்பதை மட்டும் ராத்திரியில் யோசிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம் என்பதும் அந்த யோசனையில் வராமல் இருக்கட்டும். அமெரிக்காவில் இந்த சர்டிஃபிகேட் வியாபாரம் மிஞ்சிப்போய், 2015-இல் கல்விச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தார்கள்: பிள்ளைகளிடம் தவறாக நடந்தவருக்கு அடுத்த வேலை கிடைக்கப் பள்ளி உதவக் கூடாது என்று. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் தேவையில்லை, ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் போதும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்று அப்படித்தான் என்.சி.சி. முகாம் நடத்த ஆளைச் சேர்த்தது. வந்தவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. முகாமில் நடந்ததைப் பிள்ளைகள் நிர்வாகத்திடம் சொன்னபோது வெளியே சொல்ல வேண்டாம் என்றார்களாம். கரெஸ்பாண்டெண்ட், முதல்வர் இருவரும் கைது.

பொய்ப் புகாராக இருந்தால்? நல்ல கேள்வி. நேர்மையான வாத்தியார்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்கள் பயமும் நியாயம்தான். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்குப் போக்சோ சட்டத்திலேயே தண்டனை உண்டு. நல்லெண்ணத்தில் புகாரைச் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. உண்மையில் அப்பாவி வாத்தியாருக்குத்தான் முறையான விசாரணை அதிகம் தேவை. திண்ணையில் முடித்த ராஜியால் எந்த வாத்தியாருக்கும் நல்ல பெயர் திரும்பி வந்ததில்லை. டீக்கடை விசாரணை ஓய்வு பெறும்வரை நடக்கும். இந்தப் பத்தி கையேட்டின் போக்குக்குப் பொருந்தவில்லை என்பது தெரிகிறது. இருக்கட்டும்.

கடைசியாக, பழைய மாணவர்கள். இவர்களிடம்தான் ஜாக்கிரதை. சென்னை பத்ம சேஷாத்ரி பள்ளியில் 2021 மே மாதம், ஆன்லைன் வகுப்புக்கு வெறும் துண்டோடு வந்த ஆசிரியரைப் பற்றிய புகார் முன்னாள் மாணவிகள் வழியாக இன்ஸ்டாகிராமில் வெடித்தது. ஓரிரு நாளில் அவர் கைது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, “மாணவர் மனசு” என்று ஒரு புகார்ப் பெட்டி என்றெல்லாம் ஆரம்பித்தார்கள். நீங்களும் ஒரு பெட்டி வையுங்கள். நல்ல பூட்டாகப் பார்த்துப் போடுங்கள். சாவி சம்பந்தப்பட்ட சாரிடமே இருக்கட்டும், பொறுப்பானவர்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதச் சொல்லி டி.இ.ஓ. ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் மறுக்க முடியாது. உங்கள் ரூமுக்குள், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் எழுதிவிடுங்கள். உங்கள் தலை மறைக்கிற உயரத்தில்.