துடைக்காதவனே குற்றவாளி

துப்பாக்கியை எத்தனை நாளைக்கு ஒரு முறை துடைக்க வேண்டும்? 1966-ல் ஓர் அமெரிக்கச் சிப்பாய் இப்படிக் கேட்டிருந்தால், அவன் எங்கே நின்று கேட்கிறான் என்பதைப் பொறுத்துப் பதில் வந்திருக்கும். பயிற்சி முகாமில் கேட்டால்: இது புதுயுகத் துப்பாக்கியப்பா, தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். வியட்நாம் காட்டில் கேட்டால்: துடைக்கிற கம்பி இன்னும் வந்து சேரவில்லை, பொறு. செத்த பிறகு கேட்டால்: ஏனடா துடைக்கவில்லை?

இந்த மூன்றாவது பதில்தான் கோப்பில் ஏறியது.

எம்-16 என்ற அந்தத் துப்பாக்கியின் மூலவடிவத்தைச் செய்தவர் யூஜின் ஸ்டோனர். எடை குறைவு, சின்னத் தோட்டா, ஒரே ஆள் நிறையச் சுமக்கலாம். ஃபோர்டு கார் கம்பெனியின் தலைவர் நாற்காலியிலிருந்து பாதுகாப்பு அமைச்சர் நாற்காலிக்கு வந்த ராபர்ட் மக்னமாராவுக்கு இது பிடித்துப்போயிற்று. கடையில் தயாராக இருக்கிற சரக்கு, ஆராய்ச்சிச் செலவு மிச்சம். 1963-ல் கோல்ட் நிறுவனத்திடம் 1,04,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. தரைப்படையின் ஆயுதத் துறைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அதற்கு முந்தைய எம்-14 துப்பாக்கி அவர்கள் பெற்ற பிள்ளை; இதுவோ வெளியிலிருந்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்ட மருமகள். துரத்த முடியாத மருமகளை ஒரு மாமியார் என்னவெல்லாம் செய்வாளோ அதையெல்லாம் சட்டப்படி, குழு கூட்டி, கையெழுத்துப் போட்டுச் செய்தார்கள்.

முதலில் வெடிமருந்தில் கை வைத்தார்கள். ஸ்டோனரின் வடிவம் டூபாண்ட் கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட மருந்துக்காகப் பொருத்தப்பட்டது. தோட்டா இன்ன வேகத்தில்தான் பறக்க வேண்டும் என்று தரைப்படை ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழலின் அழுத்த வரம்பைத் தாண்டாமல் அந்த எண்ணை அந்த மருந்தில் மொத்த உற்பத்தியாகக் கொண்டுவர முடியாது என்று தோட்டா செய்கிறவர்கள் கைவிரித்தார்கள். எண்ணைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். காட்டில் எதிரியும் சிப்பாயும் பார்த்துக்கொள்கிற தூரத்தில் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காகிதத்தில் எழுதிய எண்ணைக் குறைப்பது அலுவலகத்துக்கு அவமானம் அல்லவா? எண்ணைக் காப்பாற்றி மருந்தை மாற்றினார்கள். 1964-ல் ஒலின் கம்பெனியின் உருண்டை மருந்து உள்ளே வந்தது. மாற்றிய பிறகு ஸ்டோனரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். வேண்டாம் என்றார் அவர். அதுதான் முடிவாகிவிட்டதே என்றார்கள்.

புது மருந்து எரிந்தால் கரி அதிகம். அதில் கலந்திருந்த சுண்ணாம்புச் சத்து மிச்சமாகப் படிந்தது. இந்தத் துப்பாக்கியிலோ சுட்ட புகை ஒரு மெல்லிய குழாய் வழியாக நேராக இயங்குபாகத்துக்குள்ளேயே பாய்கிறது. அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் அது தன் வயிற்றில் தானே கரியைப் பூசிக்கொள்கிறது. தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியது இதைத்தான்! போதாததற்கு, நிமிடத்துக்கு 800 சுற்று என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் புது மருந்தில் 1000-ஐ நெருங்கியது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு சூட்டில் விரிந்து அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கி எறியும் கொக்கி அவசரப்பட்டது. கூடு வராது, விளிம்பு மட்டும் கிழிந்து வரும்.

ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. தோட்டா அறைக்குக் குரோம் பூசுவது. ஈரக் காற்றில் இரும்பு துருப்பிடித்துக் குழி விழாமல் இருக்க அது காப்பு. பசிபிக் தீவுகளின் காடுகளில் தங்களோடு சண்டையிட்ட ஜப்பானியரின் துப்பாக்கிக் குழல்களில் குரோம் பூச்சைப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். எதிரே வரும் ஏகே-47-லும் குரோம் இருந்தது. ஏன், பெற்ற பிள்ளை எம்-14-க்கும் பூசினார்கள். மருமகளுக்குத்தான் இல்லை. உலகத்திலேயே அதிகம் மழை கொட்டுகிற போர்க்களங்களில் ஒன்றுக்கு, பூச்சில்லாத இரும்பை, அழுக்கு மருந்தோடு, துடைக்கும் கம்பியோ பிரஷ்ஷோ போதுமான அளவில் இல்லாமல் அனுப்பி வைத்தார்கள்.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடு அறைக்குள் சிக்கிக்கொண்டால் கையால் எடுக்க வழியில்லை. முன்பக்கம் குழல் வாய் வழியாகக் கம்பியை விட்டு, குத்தித் தள்ள வேண்டும். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சிப்பாய் குழல் வாயில் கம்பி விட்டு மருந்து இடித்தானே, அதே வேலை. இவன் செய்தது நிமிடத்துக்கு ஆயிரம் சுடும் இயந்திரத்தோடு, குண்டுமழையில் குப்புறப் படுத்துக்கொண்டு. உலகத்தின் மிகப் பணக்கார ராணுவத்தில் ஒரு கம்பியைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். எண்ணெய் அனுப்புங்கள் அம்மா என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அம்மாக்களும் அனுப்பினார்கள்.

1967 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கே சான் அருகே 861, 881 என்று உயரத்தையே பெயராகக் கொண்ட குன்றுகளில் மரீன் படையினர் ஏறினார்கள். அங்கிருந்து தப்பிய ஒருவன் வீட்டுக்கு எழுதிய கடிதம் நியூ ஜெர்சி உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவார்டு கைக்கு வந்து நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. எங்களில் பலரைக் கொன்றது எங்கள் துப்பாக்கியேதான் என்று எழுதியிருந்தான். செத்துக்கிடந்தவர்கள் பக்கத்தில் துப்பாக்கிகள் பிரித்துப் போட்டபடி கிடந்தனவாம். சரி செய்துகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

மேலிடம் சும்மா இருக்கவில்லை. நிபுணர்களை அனுப்பியது. நிபுணர்கள் துப்பாக்கிகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கரி இருந்தது! கண்டுபிடித்துவிட்டார்கள். பையன்கள் சோம்பேறிகள், துடைப்பதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் பெரியவர்கள் ஆடினவளைத்தான் கிண்டல் செய்திருக்கிறார்கள். கூடத்தையே கோணலாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விழுந்து செத்தவளின் கால் சரியில்லை என்று கொத்தனார் சான்றிதழ் எழுதிய கதைக்கு அவர்களிடம் பழமொழி இல்லை.

அழுக்கு இருந்தது உண்மைதான். சேற்றில் நடக்கிறவன் துப்பாக்கியில் சேறு இருக்கும். துடைத்தால் நல்லதுதான், எந்தத் துப்பாக்கிக்கும். ஆனால் இந்தக் கோளாறு துடைத்துத் தீருகிற ஜாதி அல்ல. துருவால் குழி விழுந்த அறையைத் துணியால் தேய்த்து எந்தக் கொம்பனும் வழவழப்பாக்கிவிட முடியாது.

கேவலத்தின் உச்சம் இனிமேல்தான். உருண்டை மருந்துத் தோட்டாவை வைத்துச் சோதித்தால் தொழிற்சாலையிலேயே துப்பாக்கிகள் தேறாமல் போகும் நிலை. தேறாவிட்டால் கோல்ட் அனுப்ப முடியாது. அனுப்பாவிட்டால் போர் நடக்காது. அதனால் சோதனைக்கு மட்டும் பழைய மருந்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ராணுவமே அனுமதி கொடுத்தது. பரீட்சைக்கு நல்ல மருந்து, படைக்குக் கெட்ட மருந்து. தேர்ச்சி பெற்ற துப்பாக்கிகள் கப்பல் ஏறின. சுட்டுப் பார்த்தவன் கனெக்டிகட்டில் சாயங்காலம் வீட்டுக்குப் போனான்.

கடைசியில் மிசூரி உறுப்பினர் ரிச்சர்டு இகார்டு தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து 1967 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. ஆயுதத்தையும் மருந்தையும் கையாண்ட விதம் குற்றம் என்றே சொல்லத்தக்க அலட்சியத்தின் விளிம்பில் நிற்கிறது என்றது அறிக்கை. விளிம்பில்! விளிம்பு என்பது அருமையான இடம். அங்கே நிற்கிறவன் மேல் வழக்குப் போட முடியாது. தரைப்படையின் ஆயுதப் பிரிவுக்குத் தலைவராக இருந்து கோல்ட் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்த ஜெனரல், ஓய்வு பெற்றதும் அந்தக் கோல்ட்டின் தாய்க் கம்பெனியிலேயே ஆலோசகராகச் சேர்ந்ததையும் குழு கண்டித்தது. கண்டித்ததோடு சரி. துருப்பிடித்த துப்பாக்கியோடு அகப்படும் சிப்பாய்க்குத் தண்டனை உண்டு. துருப்பிடிக்கும் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தவன் எவனும் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நானும் அந்த நிபுணர்களில் ஒருவன் ஆகிவிடுவேன். துப்பாக்கி சரியாகச் சுடவில்லையே என்று உருகுகிற இந்தக் கதையில், அது சரியாகச் சுட்டால் எதிர்முனையில் விழுகிறவன் தன் ஊரில், தன் வயல் வரப்பில் நிற்கிறவன். அவனுக்காக எந்தத் துணைக்குழுவும் கூடி மருந்தின் தரத்தை விசாரிக்கவில்லை. புது அறைகளுக்குக் குரோம் பூசும் வேலை 1967-ல் தொடங்கியது. 1968 மார்ச் 16 அன்று எம்-16 ஏந்திய ஓர் அமெரிக்கப் படைப்பிரிவு மை லாய் கிராமத்துக்குள் நுழைந்தது. வியட்நாமியர் கணக்கில் 504 பேர். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். அந்தப் படுகொலைக்குத் தண்டனை பெற்றது ஒரே ஒரு லெப்டினன்ட். ஆயுள் தண்டனை விதித்து, மூன்று நாலு வருஷம் பெரும்பாலும் வீட்டுக்காவலில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள்.

மை லாய்க்கு மூன்று மாதம் கழித்து, 1968 ஜூனில், துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்று ராணுவம் வண்ணப் படக்கதைப் புத்தகமே போட்டது. வரைந்தவர் வில் ஐஸ்னர், காமிக்ஸ் உலகின் பெரிய கை. 32 பக்கம். துப்பாக்கியை ஒரு கவர்ச்சிக்காரியாகப் பாவித்து, அவளை எப்படிக் கழற்றுவது, எங்கே எண்ணெய் தடவுவது, கோபித்துக்கொண்டால் எப்படிச் சமாதானம் செய்வது என்று கொச்சையும் குறும்புமாகப் பாடம். ஐஸ்னரைக் குறை சொல்ல மாட்டேன். விஷயம் சுத்தமாகப் புரிகிறது, அதைப் படித்துப் பிழைத்தவர்களும் இருப்பார்கள். மருந்தை மாற்றியது யார் என்ற பக்கம்தான் அதில் இல்லை.

துடைக்கும் கம்பியையும் பிரஷ்ஷையும் போட்டு வைத்துக்கொள்ள, துப்பாக்கியின் அடிக்கட்டையில் மூடி போட்ட ஒரு சின்னப் பொந்து 1970-ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்குள் அதிபர் நிக்சன் படைகளைத் தவணை தவணையாக ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தார்.